பள்ளியை விட்டு நிறுத்தும் முன்: பின்தங்கும் பிள்ளைக்கு மூன்று படி உதவி



அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்கள் வந்து, பள்ளிகளில் பெற்றோரை அழைத்துப் பேசும் காலம் இது. ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சமயத்தில் நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு ஒரே மாதிரியான செய்தியோடு சிலர் வருகிறார்கள். பையன் ஒன்பதாம் வகுப்பு. நான்கு பாடத்தில் பெயில். பள்ளியில் கூப்பிட்டு, "இவன் பத்தாவது தேற மாட்டான், இப்போதே டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். இதைச் சொல்லும் தகப்பனாருக்குப் பள்ளியின் மீது கோபம் இருப்பதில்லை. பிள்ளையின் மீதுதான் இருக்கிறது. "படிப்பு ஏறவில்லை பாய். மச்சான் கடையில் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்" என்பார். பெண் பிள்ளையாக இருந்தால் கடை என்பதற்குப் பதில் வீடு, பிறகு மாப்பிள்ளை பார்ப்பது.

"படிப்பு ஏறவில்லை" என்பதற்கும் "கடையில் போட்டுவிடலாம்" என்பதற்கும் நடுவே பள்ளி செய்திருக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவை நடந்தனவா என்று கேட்கும் பெற்றோரைக் காண்பது அரிது. கேட்க வேண்டுமானால் அந்த வேலைகள் என்னவென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று படிகள்

காய்ச்சல் வந்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போகிறோம். மூன்று நாளில் குறையாவிட்டால் தாலுகா ஆஸ்பத்திரி. அங்கும் தீராவிட்டால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காய்ச்சல் வந்த முதல் நாளே "இது பிழைக்காது" என்று யாரும் கைவிடுவதில்லை. படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கும், வகுப்பில் அடங்காத பிள்ளைக்கும் இதே வரிசையில் உதவி செய்வதைத்தான் கல்வித்துறையினர் படிநிலை ஆதரவு என்கிறார்கள்.

முதல் படி வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. நல்ல பாடம் நடத்துதல், தெளிவான வகுப்பு விதிகள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஆண்டில் சில தடவை எல்லோரையும் சோதித்துப் பார்த்தல் ஆகியவை இதில் அடங்கும். இதில் தேறாத சிலருக்கு இரண்டாம் படி. ஒரே குறை உள்ள மூன்று முதல் ஆறு பிள்ளைகளைச் சேர்த்து, வாரத்தில் மூன்று நாளாவது அரை மணி நேரம், அந்தக் குறையை மட்டும் குறிவைத்துச் சொல்லிக்கொடுப்பது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் இப்படிச் செய்துவிட்டு முன்னேற்றத்தை அளப்பார்கள். அதிலும் நகராத ஓரிருவருக்கு மூன்றாம் படி. தனியாக, நாள்தோறும், சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியரின் துணையோடு நடப்பது அது.

ஒரு படியில் தேறிவிட்ட பிள்ளை கீழே இறங்கி மற்றவர்களோடு சேர்ந்துவிட வேண்டும். ஒருமுறை பின்வரிசை என்றால் எப்போதும் பின்வரிசை என்பது இந்த முறைக்கே எதிரானது.

இந்த முறை அமெரிக்காவில் வளர்ந்த விதத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கே 1975இலேயே ஊனமுற்ற பிள்ளைகளின் கல்விக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு உண்டு என்று ஏற்றுக்கொள்ள, அவன் அறிவுத்திறனுக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிய வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த இடைவெளி விழ மூன்றாம், நான்காம் வகுப்பு ஆகிவிடும். அதுவரை உதவி இல்லை. அவன் நன்றாகத் தோற்கட்டும், பிறகு உதவுவோம் என்று காத்திருப்பதைப் போன்றது இது என்று அங்குள்ளவர்களே கடுமையாகக் குறை சொன்னார்கள். 2004இல் சட்டத்தைத் திருத்தியபோது, முதலில் சரியான பயிற்சியைக் கொடுத்துப் பார்த்து, பிள்ளை அதற்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதைக் கொண்டும் முடிவு செய்யலாம் என்றார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 80 பிள்ளைகளுக்கு முதல் படியே போதும், 15 பேருக்கு இரண்டாம் படி, 5 பேருக்கு மூன்றாம் படி தேவைப்படும் என்பது அங்கே சொல்லப்படும் உத்தேசக் கணக்கு. வகுப்பில் பாதிப் பேர் பின்தங்கினால் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, முதல் படியில் இருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

பின்லாந்து நாட்டிலும் 2011 முதல் பொது ஆதரவு, கூடுதல் ஆதரவு, சிறப்பு ஆதரவு என்று மூன்று நிலைகள் சட்டப்படியே இருந்தன. 2025இல் அதை மாற்றி அமைத்திருக்கிறார்கள். உதவி கிடைக்க மருத்துவச் சான்று தேவையில்லை, பிள்ளை திணறுகிறது என்பதே போதும் என்பதுதான் அங்குள்ள வழக்கத்தில் எனக்குப் பிடித்த அம்சம்.

நம் ஊரில் இது இருக்கிறதா?

பெயர்தான் வேறு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படுவோருக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆகவே "என் பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி கொடுங்கள்" என்று கேட்பது கெஞ்சுவது ஆகாது.

தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தைச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருந்தும் அரும்பில் இருக்கிறது என்றால் அதை அவமானமாக நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். எப்போது மொட்டுக்கு வரும், அதற்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 2025-26 கல்வியாண்டில் திறன் என்ற பெயரில் இதே போன்ற ஏற்பாடு வந்திருக்கிறது. முதலில் ஒரு சோதனை வைத்து, தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் அடிப்படையே தெரியாதவர்களைத் தனியாகப் பிரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டால் சொல்வார்.

இவையெல்லாம் ஏட்டில் இருப்பதும் எல்லா வகுப்பறையிலும் நடப்பதும் ஒன்றல்ல. ஓர் ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் கேட்கிற பெற்றோர் உள்ள பிள்ளைக்கு நடப்பதும், கேட்காத பெற்றோர் உள்ள பிள்ளைக்கு நடப்பதும் வேறாக இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து வருகிறேன்.

ஏன் ஒன்பதாம் வகுப்பில் வெடிக்கிறது?

நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. எட்டு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கவும் சட்டம் இடம் தரவில்லை. இந்த இரண்டு பாதுகாப்பும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. எதிரே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. நூறு சதவீதத் தேர்ச்சி என்று பதாகை கட்ட விரும்பும் பள்ளிகள் பலவீனமான பிள்ளைகளைக் கழித்துக்கட்டுவது அப்போதுதான்.

நிறுத்தி வைக்காமல் இருப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரே வகுப்பில் இரண்டாம் ஆண்டு உட்கார வைக்கப்பட்ட பிள்ளை பள்ளிக்கே வராமல் போவதை அந்தக் காலத்தில் நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் "பாஸ்" என்று வந்துவிட்டது என்பதைப் "படிக்கத் தெரியும்" என்று பெற்றோர் எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து. ஆறாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் திணறினாலும் தேர்ச்சி அட்டையில் அது தெரியாது.

வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் இதைச் சோதிக்கலாம். அசர் என்ற பெயரில் 2005 முதல் நாடு முழுவதும் கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கும் கணக்கெடுப்பில் செய்வதும் இதுதான். பிள்ளையிடம் சில எழுத்துகளைக் காட்டுங்கள், பிறகு சின்னச் சொற்கள், பிறகு முதல் வகுப்புப் புத்தகத்திலிருந்து நான்கு வாக்கியம், பிறகு இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு சிறிய கதை. எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கணக்கில், 52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்று அதில் தெரியும். பெரிய பிள்ளையானால் 875ஐ 7ஆல் வகுக்கச் சொல்லலாம். மனப்பாடமாகத் தெரிந்த பாடத்தைக் கொடுக்காதீர்கள். தம்பி தங்கைகளுக்கு முன்னால் வைத்து இதைச் செய்யவும் வேண்டாம். தமிழ் படிக்கத் தெரியாத தாய்மார்கள் அக்கம் பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தில் நிற்கும் பிள்ளையை டியூஷனில் சேர்த்தால் என்ன நடக்கிறது? ஏழாம் வகுப்பு வீட்டுப்பாடத்தை டியூஷன் டீச்சர் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டு வருகிறான். நோட்டு நிறைகிறது, மாதம் 500 ரூபாய் போகிறது, அவன் இரண்டாம் வகுப்பிலேயே இருக்கிறான். இரண்டாம் படி உதவி இதிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். எந்த வகுப்பில் இருக்கிறான் என்று பார்க்காமல், எங்கே நிற்கிறானோ அங்கிருந்து தொடங்குவது.

இதற்குப் பெரிய படிப்பு படித்த ஆள் வேண்டும் என்பதில்லை. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற தொண்டு நிறுவனம், அந்தந்தப் பகுதியிலேயே பள்ளிப்படிப்பு முடித்த இளம் பெண்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கியவர்களில் 15, 20 பேரை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியாக வைத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தது. பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். இதை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் இருந்தார்கள். 2019இல் அவர்கள் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்கள். கொரோனாவுக்குப் பின் நம் தெருக்களில் மாலை 5 மணி முதல் 7 மணி வரை நடந்த இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளும் ஏறக்குறைய இந்த வழிதான். நம் மஹல்லாவில் பி.ஏ., பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

மக்தபில் ஓதிய யாருக்கும் இது புதிதாக இருக்காது. ஹஜ்ரத் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்துப் பழைய சபக்கைக் கேட்டபிறகுதான் புதிய சபக் கொடுப்பார். முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது இடத்தில் பாடம் நிற்கும். எல்லோரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே மக்தப் ஹஜ்ரத்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மற்றப் பிள்ளைகள் சில மாதத்தில் தாண்டிவிடும் எழுத்துகளில் ஒரு பிள்ளை இரண்டு ஆண்டாக நிற்கிறது, பாவையும் தாவையும் இன்னும் மாற்றிச் சொல்கிறது, ஆனால் வாயால் கேட்ட சூராவை உடனே மனனம் செய்துவிடுகிறது என்றால் பெற்றோரிடம் சொல்லுங்கள். அதே பிள்ளை பள்ளியில் தமிழ் எழுத்திலும் திணறுகிறது என்று தெரிந்தால், சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. இரண்டு மொழியிலும் ஒரே மாதிரித் திணறல் என்பது கவனிக்க வேண்டிய அடையாளம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டில் உருது பேசி, ஆங்கில வழிப் பள்ளியில் சேர்ந்து, தமிழை ஒரு பாடமாகவும், காலையில் அரபியையும் படிக்கும் பிள்ளை முதல் ஓரிரு ஆண்டு மெதுவாகத்தான் போகும். அது குறைபாடு ஆகாது. வீட்டில் பேசும் மொழி எது என்பதை ஆசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது.

சேட்டை செய்யும் பிள்ளை

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்" என்று பிள்ளையை ஒப்படைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. உடல் தண்டனையும் மன வேதனை தருவதும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் அது சட்டப்படி செல்லாது. சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். அடிக்கிற பள்ளிகளில் வாரா வாரம் அடி வாங்குவது அதே நாலு பேர்தான் என்பதை யாரும் கவனிப்பதில்லை. அடி வேலை செய்திருந்தால் அந்தப் பட்டியல் மாறியிருக்க வேண்டும்.

நடத்தைக்கும் அதே மூன்று படிகள். முதல் படியில், வகுப்புக்கு மூன்று நான்கு விதிகள். "ஒழுங்காக இரு" என்பது விதி ஆகாது. "மணி அடித்ததும் உட்கார்ந்து நோட்டைத் திறக்க வேண்டும்" என்பதே விதி. அதைக் கணக்குப் பாடம் போலவே சொல்லிக்கொடுத்து, செய்பவரைப் பாராட்ட வேண்டும்.

இரண்டாம் படிக்கு ஓர் எளிய வழி பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைக்கு ஓர் அட்டை. காலையில் பள்ளிக்கு வந்ததும், பிள்ளைக்குப் பிடித்த ஓர் ஆசிரியரை இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். இன்று எதில் கவனமாக இருப்பாய் என்று அவர் கேட்பார். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் அந்தந்த ஆசிரியர் அட்டையில் 0, 1, 2 என்று ஒரு மதிப்பெண் போடுவார். மாலையில் அதே ஆசிரியரிடம் காட்டிவிட்டு, வீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். செலவு ஓர் அட்டைதான். ஆனால் பெற்றோர் இதில் ஒன்றைக் காப்பாற்ற வேண்டும். மதிப்பெண் குறைந்த நாளில் அந்த அட்டையை வைத்து அடித்தால் மறுநாள் அட்டை காணாமல் போயிருக்கும். குறைந்தால் "நாளைக்குப் பார்ப்போம்", கூடினால் ஒரு நல்ல வார்த்தை. அவ்வளவுதான்.

மூன்றாம் படியில் சேட்டையின் காரணத்தைத் தேடுகிறார்கள். சேட்டைக்கு முன் என்ன நடந்தது, அது என்ன, அதன் பிறகு பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று இரண்டு வாரம் குறித்து வைக்கிறார்கள். ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் தமிழ் வகுப்பில் மட்டும் பக்கத்துப் பையனைக் குத்துகிறான். கணக்கு வகுப்பில் சும்மா இருக்கிறான். எழுதி வைத்துப் பார்த்தால், வரிசையாக எழுந்து வாசிக்கச் சொல்லும் நேரத்தில், அவன் முறை வருவதற்கு இரண்டு பேர் முன்னால் குத்து நடக்கிறது. உடனே "வெளியே போ" என்கிறார் ஆசிரியர். அவனுக்கு வேண்டியதும் அதுதான். வாசிக்கத் தெரியாது என்பதை நாற்பது பேர் முன்னால் காட்டுவதைவிட ரவுடி என்று பெயர் எடுப்பது மேல் என்று அவன் முடிவு செய்திருக்கிறான். அவனுக்குத் தேவை வாசிப்புப் பயிற்சி. வெளியே அனுப்ப அனுப்ப அந்தப் பழக்கத்துக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். படிப்புக் குறையும் நடத்தைக் குறையும் இப்படி ஒன்றை ஒன்று மூடிக்கொண்டு வருவது மிக அதிகம்.

சத்தம் போடாத பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பெண் பிள்ளை வகுப்பில் யாருடனும் பேசாமல், கேள்வி கேட்டால் அழுதுவிடும் நிலையில் இருந்தால், "அடக்கமான பிள்ளை" என்று விட்டுவிடுகிறோம். அவளுக்கும் இந்தப் படிகள் உண்டு.

எந்தப் படிக்கும் முன்னால் பார்க்க வேண்டிய சில சாதாரண விஷயங்கள் இருக்கின்றன. கண் தெரிகிறதா, காது கேட்கிறதா? பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழு இவற்றைப் பார்க்கிறது. கண் குறையுள்ள அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசமாகக் கிடைக்கும். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் மக்தப், 9 மணிக்குப் பள்ளி, 5 மணிக்கு டியூஷன், இரவு 11 மணி வரை அத்தாவின் செல்போன் என்று ஓடும் பிள்ளை மூன்றாம் பாடவேளையில் தூங்கினால் அதற்கு மனநல மருத்துவர் தேவையில்லை.

மூன்றாம் படியில் சான்று

உதவிகள் எல்லாம் கொடுத்தும் எழுத்து, வாசிப்பு, கணக்கு நகரவில்லை என்றால் முறையான மதிப்பீடு தேவை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அவற்றில் ஒன்று. இது அறிவுக் குறைவு அல்ல. பேச்சில், கடை வியாபாரத்தில், நினைவில் கெட்டிக்காரனாக இருக்கும் பிள்ளைக்கு எழுத்து மட்டும் வராமல் இருக்கலாம்.

அரசுப் பள்ளியானால் தலைமை ஆசிரியர் மூலம் வட்டார வள மையத்திலுள்ள சிறப்புப் பயிற்றுநரை அணுகலாம். அவர்கள் நடத்தும் மருத்துவ முகாமில் மதிப்பீடு நடக்கும். மாவட்டத்தில் உள்ள இடையீட்டு மையமும் 18 வயது வரை பார்க்கிறது. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு, கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர் ஆகிய சலுகைகளைக் கேட்கலாம். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடினால் இது நடக்காது. ஆறு, ஏழாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

"சான்று வாங்கினால் நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடையாகுமே" என்று தயங்கும் தாய்மார்கள் உண்டு. அந்தத் தயக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஊர் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். ஆனால் சான்றை ஊரில் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவன் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நம் சமுதாயப் பள்ளிகள்

இதை எழுதினால் சிலருக்கு வருத்தம் வரும். ஆனாலும் எழுதியாக வேண்டும். 2014இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்காகத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறது. முடிவு எப்படி வந்தாலும் ஒன்று கேட்கலாம். சட்டம் கட்டாயப்படுத்தாததால் நம் நிர்வாகத்தின் கீழ் உள்ள பள்ளி, நம் பிள்ளைகளையே, தேர்ச்சி சதவீதத்துக்காக வெளியே அனுப்பலாமா? ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று வசூலித்த பணத்தில் கட்டிய கட்டடங்கள் இவை. பள்ளி நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் ஆண்டறிக்கையில் தேர்ச்சி சதவீதத்துக்குப் பக்கத்திலேயே, ஆறாம் வகுப்பில் சேர்ந்த எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்ற எண்ணிக்கையையும் போடட்டும்.

எப்படிக் கேட்பது?

வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள். ஒரு தாளில் பிள்ளையின் பெயர், வகுப்பு, எதில் திணறுகிறது என்று நீங்கள் பார்த்தது, இவற்றை எழுதுங்கள். பிறகு மூன்று கேள்விகள்: என் பிள்ளை இப்போது எந்த வகுப்பு நிலையில் படிக்கிறது? என்ன கூடுதல் பயிற்சி, வாரத்தில் எத்தனை நாள், யார் கொடுக்கிறார்கள்? எந்தத் தேதியில் மறுபடி அளந்து பார்ப்பீர்கள்? தேதியை மட்டும் விடாதீர்கள். தேதி இல்லாத உதவி பெரும்பாலும் நடப்பதில்லை. நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சண்டைக்குப் போகும் தோரணையில் போக வேண்டாம். ஆசிரியரும் நாற்பது பிள்ளைகளோடு மாரடிப்பவர்தான். தாயும் தகப்பனும் சேர்ந்து போனால் நல்லது. அத்தா வெளிநாட்டில் இருந்தால் மாமாவோ சாச்சாவோ துணைக்குப் போகலாம்.

டி.சி. வாங்கச் சொன்னால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. "சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்கிறேன்" என்று உங்களிடமே எழுதி வாங்குவார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். இதுவரை என்ன கூடுதல் பயிற்சி கொடுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லை என்றால் அரசு, உதவிபெறும் பள்ளியானால் வட்டார, மாவட்டக் கல்வி அலுவலரிடமும், தனியார் பள்ளியானால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும் மனுக் கொடுக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளை துன்புறுத்தப்பட்டால் 1098. மன அழுத்தத்தில் இருக்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் 14416.

ஏற்கெனவே நின்றுவிட்ட பிள்ளைகளுக்கும் வழி அடைபடவில்லை. பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் அதே ஆண்டு துணைத் தேர்வு எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமும் எழுதலாம். கடையில் வேலை செய்துகொண்டே எழுதுவோர் இருக்கிறார்கள்.

மனு எழுத உதவி வேண்டுவோர், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வரலாம். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். மதிப்பெண் அட்டையோடு, இந்த ஆண்டு எழுதிய தமிழ், கணக்கு நோட்டுகளையும் கொண்டுவர மறக்க வேண்டாம். மஹல்லாவில் பட்டம் முடித்த சகோதரிகள் வாரத்தில் மூன்று மாலை, இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமானால் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், பத்துப் பெயர் சேர்ந்ததும் பயிற்சி நாளை ஜும்ஆவில் அறிவிக்கிறோம்.